ஃப்ரீஹான்ட்: ஒரு மென்பொருள் மூடி வைக்கப்பட்ட கதை

கணினி மூலமான பக்க வடிவமைப்புத் தொழிலுக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவரான போல் பிரெய்னர்ட் காலமானார். 'டெஸ்க்டொப் பப்ளிஷிங்' என்ற சொற்றொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அவரே. அவரது பெயரை நம்மவர்களில் அறிந்தோர் அதிகமில்லை. ஆனால், 1990களிலும் அதன் பின்னரான ஆண்டுகளிலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியபீடத்தில் பணியாற்றிய எவரும் அவர் உருவாக்கிய பேஜ்மேக்கரைப் பாவிக்காமல் இருந்திருக்க முடியாது.

பிரெய்னர்ட் அடிப்படையில் பத்திரிகைத்துறையைச் சேர்ந்தவர். மினியாபொலிஸ் நகரப் பத்திரிகை நிறுவனத்தில் பணிபுரிந்த பின்னர், பத்திரிகைகளுக்கான கணினி அமைப்புகளைத் தயாரித்த அடெக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் கைமாறி, அவர் இருந்த பிரிவு மூடப்பட்டபோது, 1984இல் சில பொறியியலாளர்களுடன் சேர்ந்து சியாட்டில் நகரில் அல்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெனிஸ் நகரின் புகழ்பெற்ற அச்சாளர் அல்டஸ் மனுஷியசின் பெயரையே அதற்குச் சூட்டினார். பேஜ்மேக்கர் 1985இல் வெளிவந்தது. அப்பிளின் மகின்டோஷ் கணினியும் லேசர் அச்சுப்பொறியும், அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் அதனுடன் சேர்ந்துகொண்டபோது, பெரும் பத்திரிகை நிறுவனங்களுக்கு மாத்திரமே கைகூடியிருந்த காரியம் ஒரு மேசையின் மீது நடக்கத் தொடங்கியது.

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்த அச்சுக்கோப்பாளர்களுடன் பணியாற்றி, பின்னர் கணினித் திரையில் பக்கம் கட்டுவதையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வந்த செய்தியை பேஜ்மேக்கரில் பத்திகளாக ஓடவிட்டு, தலைப்பைப் பெருப்பித்து, நள்ளிரவுக்குச் சற்று முன்னர் வந்துசேரும் செய்திக்காக ஒரு விளம்பரத்தைப் பெயர்த்து வேறு பக்கத்தில் வைப்பதை ஒரு இளைஞர் சில நிமிடங்களில் செய்து முடித்ததை முதன்முதலில் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னமும் நினைவிலிருக்கிறது. விளம்பரங்களையும் வரைபடங்களையும் இலச்சினைகளையும் வரைவதற்கு வேறு மென்பொருட்கள் இருந்தன. உலகெங்கும் வரைகலைஞர்கள் கொண்டாடிய ஃப்ரீஹான்ட் அவற்றில் ஒன்று. இந்தக் கட்டுரை பெரிதும் அதைப் பற்றியதே. நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிற்கருவி எவ்வாறு மூடப்பட்டது, அதைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஏன் ஒன்றும் செய்ய முடியாமற் போனார்கள் என்ற கதை, கணினியின் முன்னால் அமர்ந்து பிழைப்பு நடத்துகின்ற எல்லோரும் அறியவேண்டியது என்பது எனது அபிப்பிராயம்.

ஃப்ரீஹான்ட்டை அல்டஸ் உருவாக்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜிம் வொன் ஏர் என்பவர் நடத்திவந்த அல்ட்சிஸ் என்ற சிறிய நிறுவனமே அதை எழுதியது. எழுத்துருக்களை வடிவமைப்பதற்கான ஃபொன்டோகிராஃபர் என்ற மென்பொருளையும் அதே நிறுவனம்தான் தயாரித்தது. ஃப்ரீஹான்ட்டை விற்பனை செய்யும் அனுமதியை மாத்திரமே அல்ட்சிஸ் அல்டசுக்கு வழங்கியிருந்தது. 1988இல் சந்தைக்கு வந்த அந்த மென்பொருளுக்கு ஒரேயொரு பெரும் போட்டியாளர்தான் இருந்தார். அடோபி அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்டிருந்த இலஸ்ட்ரேட்டர்தான் அது. இரண்டு மென்பொருட்களும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு வளர்ந்தன. ஒன்றில் புதிய வசதி ஒன்று வந்தால் மற்றையதிலும் அது வந்தாக வேண்டும். வரைகலைஞர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று வாதிட்டார்கள்.

1994இல் அடோபியும் அல்டசும் ஒன்றிணைவதாக அறிவித்தன. பேஜ்மேக்கர் அடோபியின் கைக்குச் சென்றது. ஃப்ரீஹான்ட்டும் அவ்வாறே சென்றிருந்தால் போட்டியாளர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வந்திருப்பார்கள். அதைத் தடுத்தது எது என்பதுதான் சுவாரசியமானது. அல்டசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், போட்டி மென்பொருள் எதையும் அல்டஸ் சந்தைப்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையை அல்ட்சிஸ் எழுதி வைத்திருந்தது. அந்த நிபந்தனையை ஆதாரமாகக் கொண்டு அது நீதிமன்றம் சென்றது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் தலையிட்டது. முடிவில், ஃப்ரீஹான்ட்டின் உரிமைகளை அல்ட்சிசிடம் திருப்பிக் கொடுத்த பின்னரே இணைப்புக்கு அனுமதி கிடைத்தது. அத்துடன் ஆணைக்குழு மற்றொரு நிபந்தனையையும் விதித்தது. அடுத்துவரும் 10 ஆண்டுகளுக்குத் தனது முன்னனுமதி இல்லாமல், மகின்டோஷ் கணினிகளுக்கான தொழில்முறை வரைகலை மென்பொருள் எதையும் அடோபி வாங்கக்கூடாது என்பதே அது.

இந்தப் 10 ஆண்டுகள் என்ற எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1995 ஆரம்பத்தில் மக்ரோமீடியா நிறுவனம் அல்ட்சிசையே வாங்கிக்கொண்டது. ஃப்ரீஹான்ட் தொடர்ந்து புதிய பதிப்புகளைக் கண்டது. ஒரே கோப்பில் வெவ்வேறு அளவுகளிலான பல பக்கங்களை வைத்திருக்கும் வசதி அதற்கு இருந்தது. ஒரு நிறுவனத்தின் இலச்சினை, கடிதத்தாள், முகவரி அட்டை, சுவரொட்டி என அனைத்தையும் ஒரே இடத்தில் விரித்துவைத்து வேலை செய்யலாம். இலஸ்ட்ரேட்டரில் இதற்கு ஈடான வசதி 2008இல்தான் வந்தது. ஆனால், மக்ரோமீடியாவின் கவனம் ஃப்ளாஷ், ட்ரீம்வீவர் போன்ற இணையத்துக்கான மென்பொருட்களின் பக்கம் திரும்பிவிட்டது. 2003இல் வெளிவந்த எம்எக்ஸ் பதிப்புக்குப் பின்னர் ஃப்ரீஹான்ட் புதிய பதிப்பு எதையும் காணவில்லை.

ஆணைக்குழு விதித்த 10 ஆண்டுத் தடை 2004 ஒக்டோபரில் காலாவதியானது. 2005 ஏப்ரலில் மக்ரோமீடியாவை வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. விலை சுமார் 340 கோடி டொலர் பெறுமதியான பங்குகள். அந்த ஆண்டு டிசம்பரில் கைமாற்றம் நிறைவடைந்தது. அடோபிக்கு வேண்டியிருந்தது ஃப்ளாஷ்தான், ஃப்ரீஹான்ட் அல்ல என்று அன்று பலரும் எழுதினார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், 1994இல் செய்ததைப் போன்று ஃப்ரீஹான்ட்டைத் தனியாகப் பிரித்து வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு இந்தத் தடவை எந்த அதிகாரபீடமும் கட்டளையிடவில்லை. ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டிக்கொண்டு நீதிமன்றம் செல்வதற்கு அல்ட்சிஸ் என்ற நிறுவனமும் இருக்கவில்லை.

2007 மே மாதத்தில், ஃப்ரீஹான்ட்டின் அபிவிருத்தி நிறுத்தப்படுவதாக அடோபி அறிவித்தது. புதிய வசதிகள் எவையும் சேர்க்கப்படமாட்டா. இன்டெல் செயலி கொண்ட புதிய மகின்டோஷ் கணினிகளுக்காகவோ விண்டோஸ் விஸ்டாவுக்காகவோ அது மாற்றியெழுதப்படவும் மாட்டாது. பாவனையாளர்கள் இலஸ்ட்ரேட்டருக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஆலோசனை கூறப்பட்டது.

இவ்விடத்தில் பாவனை உரிமம் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட மென்பொருளை வாங்கியவர்கள் அதைத் தமது சொத்தாகவே நினைத்தார்கள். ஆனால், பெட்டியைத் திறக்கும்போது எவரும் வாசிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப்போகும் அந்த நீண்ட ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லியது. விற்கப்படுவது மென்பொருள் அல்ல. அதைப் பாவிப்பதற்கான அனுமதி மாத்திரமே. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கோ, திருத்தி எழுதுவதற்கோ உங்களுக்கு உரிமை கிடையாது. மென்பொருள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரை இந்த நிபந்தனை எவரையும் உறுத்தாது. அது நிறுத்தப்பட்ட பின்னர்தான் அதன் பாரம் தெரியவரும். பழைய அச்சியந்திரம் ஒன்றின் உற்பத்தியாளர் தொழிலை மூடிவிட்டாலும், உடைந்த பற்சக்கரத்துக்கு வெலிங்டன் வீதியிலோ பஞ்சிகாவத்தையிலோ ஒருவர் மாற்றுச் செய்து தருவார். ஃப்ரீஹான்ட்டை வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் தானும் திருத்தமாட்டார். வேறெவரையும் திருத்த அனுமதிக்கவும் மாட்டார்.

அமெரிக்க நீதிமன்றங்களும் இந்த உரிமங்களுக்குப் பலம் சேர்த்தன. கட்டிடக் கலைஞர்கள் பாவிக்கும் ஓட்டோகாட் மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றின் சில பிரதிகளை, சியாட்டிலைச் சேர்ந்த கட்டிட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கி இணைய ஏலத்தில் விற்க முயன்றார் வெர்னர் என்ற வியாபாரி. ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்சேபித்தது. புதிய பதிப்புக்குச் சலுகை விலையில் மாறியபோது பழைய பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று அந்தக் கட்டிட நிறுவனம் ஒத்துக்கொண்டிருந்தது என்பது அதன் வாதம். கீழ் நீதிமன்றம் வெர்னருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 2010 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தக் கட்டிட நிறுவனம் அந்தப் பிரதிகளின் உடைமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மாத்திரமே, ஆகவே மறுவிற்பனைக்கு இடமில்லை என்றது. ஐரோப்பாவின் நிலை வேறு. 2012 ஜூலையில் யூஸ்ட்சொஃப்ட் எதிர் ஒரக்கிள் வழக்கில், காலவரையறையின்றி விற்கப்பட்ட உரிமத்தை வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மென்பொருள், ஒரே ஒப்பந்த வாசகம். சமுத்திரத்தின் ஒரு கரையில் அது உங்களுடையது, மறுகரையில் இல்லை.

ஃப்ரீஹான்ட் பாவனையாளர்கள் ஒரு விசித்திரமான நிலைமையில் சிக்கியிருந்தார்கள். அவர்களது உரிமம் ரத்துச் செய்யப்படவில்லை. விரும்பிய காலம்வரை பாவிக்கலாம். ஆனால், பாவிப்பதற்கான கணினிகள்தான் அருகிக்கொண்டு போயின. பழைய செயலிக்காக எழுதப்பட்டவற்றைப் புதிய கணினியில் இயங்கச் செய்வதற்கு அப்பிள் 'ரொசெட்டா' என்ற இடைமொழிபெயர்ப்பு வசதியை வைத்திருந்தது. 2011 ஜூலையில் வெளிவந்த லயன் இயங்குதளத்தில் அது நீக்கப்பட்டது. அதன் பின்னர் ஃப்ரீஹான்ட்டை இயக்க வேண்டுமானால் பழைய இயங்குதளத்துடன் பழைய கணினி ஒன்றைப் பேணிப் பாதுகாக்க வேண்டும். பலர் அவ்வாறு செய்தார்கள்.

வேறு சிலர் அமைப்பாகத் திரண்டார்கள். 'ஃப்ரீ ஃப்ரீஹான்ட்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பாவனையாளர்கள் இணைந்தனர். 'ஃப்ரீஹான்ட்டை விடுதலை செய்' என்பதே அந்தப் பெயரின் பொருள். அவர்களது கோரிக்கை நியாயமற்றதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்களே அபிவிருத்தி செய்யுங்கள். இல்லையேல் செய்யக்கூடிய ஒருவருக்கு விற்றுவிடுங்கள். அதுவும் இயலாதென்றால் மூல நிரலைப் பொதுவில் விடுங்கள் என்றார்கள். இலவசமாக எதையும் அவர்கள் கேட்கவில்லை. பணம் செலுத்துவதற்குத் தயாராக இருந்த வாடிக்கையாளர்கள் அவர்கள்.

கோரிக்கை பலிக்காத நிலையில், 2011 மே மாதத்தில் கலிபோர்னியாவில் உள்ள மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தார்கள். சந்தையில் தனக்கிருந்த ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்து, போட்டி மென்பொருளை வாங்கி முடக்கிவிட்டது என்பது அடோபிக்கு எதிரான குற்றச்சாட்டு. 1994இல் வர்த்தக ஆணைக்குழு விதித்த நிபந்தனையும் அந்தக் கதையின் ஓர் அங்கமாயிற்று. வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு அடோபி கேட்டது. 2012 பெப்ரவரியில் நீதிபதி லூசி கோ அந்தக் கோரிக்கையை முழுமையாக ஏற்க மறுத்து, பிரதான குற்றச்சாட்டுகள் விசாரணைக்குச் செல்ல வழிவிட்டார். சாதாரண வரைகலைஞர்கள் சேர்ந்து தொடுத்த ஒரு வழக்கு அந்தக் கட்டத்தைத் தாண்டியதே பெரிய காரியம் என்று சொல்லவேண்டும்.

ஆனால், விசாரணை நடக்கவில்லை. அதே ஆண்டில் இருதரப்பும் இணக்கத்துக்கு வந்தன. அமைப்பின் உறுப்பினர்களுக்கு அடோபியின் மென்பொருட்களில் விலைக்கழிவு கிடைத்தது. இலஸ்ட்ரேட்டரின் அபிவிருத்தி தொடர்பாக ஒரு வாக்குறுதியும் கிடைத்தது. ஃப்ரீஹான்ட் கிடைக்கவில்லை. எந்த நிறுவனத்துக்கு எதிராக வழக்காடினார்களோ, அதே நிறுவனத்தின் பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கும் சலுகையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். இதைத் தோல்வி என்று கூறுவதா, கிடைத்ததைப் பெற்றுக்கொண்ட புத்திசாலித்தனம் என்று கூறுவதா? வழக்கறிஞர் செலவைக் கணக்கிட்டுப் பார்க்காத என் போன்றவர்கள் இதில் தீர்ப்புச் சொல்லாமலிருப்பதே முறை.

ஒரு நிறுவனம் தனக்கு இலாபம் தராத பொருளைக் கைவிடுவது அதன் உரிமை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நட்டத்துக்கு ஒரு பத்திரிகையை நடத்து என்று எந்த வாசகரும் அதன் முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், பத்திரிகையை மூடும் முதலாளி வேறெவரும் பத்திரிகை நடத்தக்கூடாது என்று சொல்வதில்லை. கைவிடுவது வேறு, பூட்டி வைப்பது வேறு. இதற்கு ஃப்ரீஹான்ட்டின் உடன்பிறப்பே சாட்சி. அல்ட்சிசின் மற்றைய படைப்பான ஃபொன்டோகிராஃபரும் மக்ரோமீடியாவிடம் சென்று பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2005இல், மக்ரோமீடியா அடோபியின் கைக்குச் செல்வதற்கு முன்னர், ஃபொன்ட்லாப் என்ற சிறிய நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றுக்கொண்டது. அந்த ஆண்டிலேயே புதிய பதிப்பு வந்தது. 2010இல் மற்றொரு பெரிய பதிப்பும் வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று சில மாதங்கள் முந்தித் தத்துக் கொடுக்கப்பட்டதால் பிழைத்துக்கொண்டது.

பேஜ்மேக்கரின் முடிவு அவ்வளவு சர்ச்சைக்குரியதாக இருக்கவில்லை. 2001இல் வெளிவந்த ஏழாவது பதிப்புடன் அது நின்றுபோனது. 2004இல் அபிவிருத்தி நிறுத்தப்பட்டதை அடோபி அறிவித்தது. அடோபி அதனிடத்தில் 1999இலேயே இன்டிசைனைக் கொண்டுவந்திருந்தது. ஆனால், தமிழுக்கு அந்த மாற்றம் இலகுவாக இருக்கவில்லை. ஒருங்குறித் தமிழை முறையாகக் கையாளும் வசதி இன்டிசைனில் உத்தியோகபூர்வமாகக் கிடைத்தது 2012இல் வந்த சீஎஸ்6 பதிப்பில்தான். ஆகவே, உலகம் கைவிட்ட பின்னரும் பல ஆண்டுகள் தமிழ் அச்சுலகம் பேஜ்மேக்கருடனேயே குடித்தனம் நடத்தியது.

அந்தப் பிரதிகளில் எத்தனை விலைகொடுத்து வாங்கப்பட்டவை என்று எவரும் கேட்டுவிடக்கூடாது. கணினி மென்பொருட்களுக்கும் பாதுகாப்பளிக்கின்ற 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் இருக்கவே செய்கிறது. எமது நாடுகளில் உரிமம் பற்றிய விவாதம் எடுபடாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். காசு கொடுக்காதவருக்கு முறைப்பாடு செய்யவும் வாயில்லை.

2013 ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. அடோபியின் சீஎஸ்2 தொகுதியை ஒரு கணினியில் நிறுவினால், அந்தப் பிரதி செல்லுபடியானதா என்று நிறுவனத்தின் சேவையகத்தைக் கேட்டுத்தான் அது இயங்கத் தொடங்கும். ஏழு ஆண்டுகளுக்கு மேல் பழைமையான அந்தத் தொகுதிக்கான சேவையகத்தை அடோபி நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்தரப்படக்கூடாது என்பதற்காக, அனுமதி கேட்காமலே இயங்கும் பிரதியையும் அதற்கான தொடரிலக்கங்களையும் தனது இணையத்தளத்தில் வைத்தது. ஃபோட்டோஷொப் இலவசம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. திரள் திரளாக மக்கள் வந்து இறக்கிக்கொண்டார்கள். இது ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களுக்கு மாத்திரமே என்று நிறுவனம் விளக்கமளிக்க நேர்ந்தது. பின்னாளில் அந்த வசதியும் இல்லாமற் போனது. பழைய மென்பொருளின் பூட்டைக் கழற்றிக் கொடுப்பது சாத்தியமே என்பதை அடோபியே அன்று செய்து காட்டியது.

அதே ஆண்டு மே மாதத்தில், இனிப் புதிய பதிப்புகள் மாதச் சந்தாவுக்கு மாத்திரமே என்று அடோபி அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பயனில்லை. நிரந்தர உரிமத்துடன் விற்கப்பட்ட கடைசிப் பதிப்பான சீஎஸ்6இன் விற்பனையும் 2017இல் நின்றது. 2019 மே மாதத்தில், சந்தாதாரர்கள் சிலருக்கு, அவர்கள் பாவித்துக்கொண்டிருந்த பழைய பதிப்புகளைப் பாவிக்கும் உரிமை இனி இல்லை என்று கடிதம் சென்றது. ஃப்ரீஹான்ட் பாவனையாளர்களிடம் குறைந்தபட்சம் அந்த உரிமையாவது எஞ்சியிருந்தது.

பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக்கூடிய கடைசி இன்டிசைன் பதிப்பும் அந்த சீஎஸ்6தான். போர்க்காலத் தமிழ்ப் பத்திரிகைகளின் எத்தனையோ பக்கங்கள் பேஜ்மேக்கரில் கட்டப்பட்டவை. அவற்றின் கோப்புகள் இறுவட்டுகளில் எங்கேனும் தப்பிக் கிடந்து, ஒருவர் அவற்றை எடுத்துத் திறக்க முயன்றால், அவருக்கு இன்று கடையில் கிடைக்காத மென்பொருளும், அது இயங்கக்கூடிய பழைய கணினியும், அன்று பாவித்த அதே எழுத்துருவும் வேண்டும். எழுத்துரு இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்தான் திரையில் வரிசைகட்டி நிற்கும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழைய பத்திரிகைகளை எண்ணிமப்படுத்தும்போது கோப்புகளைத் தேடிப் போகவில்லை. மஞ்சளடித்துப்போன தாள்களை ஒவ்வொன்றாக ஒளிவருடியில் வைத்தார்கள்.